சத்தம் கூட்டும் பெட்டி

அந்தப் பெட்டியை ஆற்றில் எறிய வேண்டும் என்று நான் நினைத்தது ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. இருபத்தெட்டு வருடம் தமிழ் படிப்பித்தவள் நான். எங்கள் பாலத்துக்குக் கீழே கிடக்கும் தண்ணீரைக் கரும்பலகையில் வாவி என்றுதான் எழுதுவேன். ஆனால் கல்லடியில் பிறந்தவளின் வாயில் வருவது ஆறுதான். சந்தைக்குப் போகப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம், இந்த இடத்தில் நின்று கையை ஓங்கி ஒரு வீச்சு வீசினால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பெட்டியை மட்டுமா? சில நாட்களில் பெட்டிக்காரரையும் சேர்த்துத்தான்.

பெட்டிக்காரர் என்றது என் புருசனை. ஏறாவூரில் ஒரு நெல் மில்லில் முப்பது வருடமாக மெசின் ஓட்டுகிறவர். பிறந்த ஊர் கதிரவெளி. கலியாணம் முடித்ததும் என் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாய் தகப்பன் மகளுக்கு வீட்டைக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை ஒரு பையோடு வந்து குடியேறுவார். ஆகவே அவர் இருந்தது என் வீட்டில், உட்கார்ந்தது என் கதிரையில். அதை நான் அவருக்கு எத்தனை தரம் ஞாபகப்படுத்தினேன் என்று இப்போது நினைக்க எனக்கே கூசுகிறது. அப்போது கூசவில்லை.

பெட்டி வந்தது ஐந்து வருடத்துக்கு முன்னால். எங்கள் ஒரே மகள் கட்டாரில் இருக்கிறாள். லீவில் வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். சவர்க்காரக் கட்டி அளவு, கறுப்பு நிறம், கைக்குக் கொஞ்சம் பாரம். ஒரு பக்கத்தில் உருண்டையான ஒரு திருகு, பக்கத்தில் இரண்டு துளை. ஒரு துளையில் ஃபோன் வயரைக் குத்த வேண்டும், மற்றதில் ஹெட்ஃபோனை. ஹெட்ஃபோன் என்றால் சின்னதல்ல, இரண்டு தேங்காய்ச் சிரட்டையைக் காதில் கவிழ்த்தது மாதிரி.

"ஃபோனுக்குள்ள பாட்டு பாட்டாக் கிடக்கிறல்ல புள்ள. எல்லாம் இலக்கமாத்தான் கிடக்காம். இந்தப் பெட்டிதான் அந்த இலக்கத்தச் சத்தமா மாத்துது. மறுகா சத்தத்தக் கூட்டியும் குடுக்கும்" என்று மேசையில் வைத்து எனக்கு விளக்கினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

"ஃபோன்லயே பாட்டுக் கேக்குதுதானே? பிறகென்னத்துக்கு இந்தக் கறுமம்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். நாலு மணிக்கு மில்லிலிருந்து வருவார். தவிடு போகக் குளிப்பார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, குசினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யன்னலோரக் கதிரையில் சாய்ந்தால், மடியில் பெட்டி, காதில் சிரட்டை. நான் சுவரோடு பேசுவேன். தேங்காய் முடிஞ்சுது என்பேன். கரண்ட் பில் வந்திருக்கு என்பேன். வாசல் படலையில ஃபாதர் நிக்கிறார் என்பேன். முதுகு அசையாது. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்த நேரத்தில் சொன்னால் மட்டும் என்ன? "ஓம்" என்பார். எதைச் சொன்னாலும் ஓம். மழை வரும்போல என்றாலும் ஓம், உங்கட சாரம் கிழிஞ்சிருக்கு என்றாலும் ஓம். சொன்னது நடக்காது. மாதா கோயிலில் பாட்டுக் கூட்டத்தில் பாடிக்கொண்டிருந்த மனுசன், தொண்டை சரியில்லை என்று அதையும் விட்டுவிட்டார். தொண்டைக்கு என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. பெட்டி வந்த பிறகு கர்த்தரும் வேண்டாமாம் என்று அதற்கும் சேர்த்துத்தான் ஏசினேன். நான் அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. "போங்க, போய் உங்கட சக்களத்தியோட இருங்க" என்பேன்.

இன்னொரு எரிச்சல். பிள்ளைகளின் கொப்பி திருத்தும்போது எழுத்தை அழிக்க நான் வைத்திருந்த வெள்ளை மைப் போத்தல் அடிக்கடி காணாமல் போகும். பார்த்தால் அவருடைய கதிரைக்குக் கீழே மூடி திறந்து காய்ந்து கிடக்கும். அந்த மையால் பெட்டியில் திருகுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருப்பார்.

"என்னத்துக்கு என்ட மையை எடுத்தீங்க?" என்று கத்தினேன் ஒரு நாள்.

"மில்லில இப்பிடித்தான் குறி வைக்கிற" என்றார்.

அது எனக்கும் தெரியும். கலியாணம் முடித்த புதிதில் மில்லுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். நெல் இனத்துக்கு இனம், உமி நீக்கும் உருளைகளின் இடைவெளி மாறுமாம். சரியான இடம் கைக்குப் பிடிபட்டதும், அதைத் திருகுகிற கைச்சில்லில் வெள்ளைப் பெயின்டால் ஒரு குறி. அடுத்த நாள் யார் வந்து திருகினாலும் குறிக்குக் கொண்டுவந்தால் போதும், அரிசி உடையாது. நெல் மாறினால் புதுக் குறி. மில்லுக்கு அது சரி. பாட்டுக் கேட்கவும் குறியா? விசர் முற்றிவிட்டது என்று நினைத்தேன். மைப் போத்தலைப் பிறகு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். எப்படியோ அதையும் எடுத்துத்தான் இருக்கிறார்.

இதெல்லாம் சின்னக் கோபம். பெரிய கோபம் வேறு.

மூன்று வருடத்துக்கு முன்னால், தவக்காலத்தில், குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. இரண்டு நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். அது அங்கேதான் இருந்தது. எங்களோடு படிப்பித்த ஒரு ரீச்சர் அதே வியாதியில் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். காதில் ஒன்றும் இல்லை, பெட்டி மேசையில் கிடந்தது. இதுதான் நேரம் என்று போய்ப் பக்கத்தில் நின்றேன். அடுத்த வளவுக் கிணற்றடியில் ஆட்கள் நின்றார்கள். வேலிக்கு மேலால் போகக்கூடிய கதையா அது? வாய் திறந்தும் திறக்காத மாதிரி, மெதுவாகத்தான் சொன்னேன்.

"எனக்கு மார்புல கட்டி ஒண்டு தட்டுப்படுது. பயமாக் கிடக்கு. நாளைக்கு என்னோட ஆஸ்பத்திரிக்கு வாறீங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஓம்" என்றார். கோப்பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் மாட்டினார்.

அடுத்த நாள் காலையில் வழமைபோல மில்லுக்குப் போய்விட்டார். அவருடைய சைக்கிள் ஒழுங்கை முடக்கில் திரும்பி மறையும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு பஸ் எடுத்துப் புளியந்தீவுக்குப் போய், பெரியாஸ்பத்திரியில் வரிசையாகப் போட்டிருந்த நீள வாங்கில் பெண்களோடு பெண்ணாக இருந்தேன். ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தது. புருசன், அக்கா, மகள், யாரோ ஒருவர். ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் சோறு தின்றது என் தொண்டைக்குத்தான் தெரியும். கடைசியில் அது வெறும் கொழுப்புக் கட்டி என்றார்கள். அந்த நல்ல செய்தியையும் அவருக்குச் சொல்லவில்லை. அண்ணனுக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை. ஏன் சொல்ல வேண்டும்? ஒரு ஓம் போதாதா எனக்கு?

அந்த ஓமை மூன்று வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் கறி கரிந்ததற்கும் கதவு திறந்து கிடந்ததற்கும் நான் கத்தியதெல்லாம் கறிக்கும் கதவுக்கும் அல்ல.

போன வருடம் பென்சன் எடுத்தேன். முழுநேரமும் வீடு. அந்த முதுகைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. ஒரு பின்னேரம் கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்தேன். முழங்கால் பிரண்டுவிட்டது. மூன்று தரம் கூப்பிட்டேன். வரவில்லை. சுவரைப் பிடித்து நானே எழும்பி, நொண்டி நொண்டி உள்ளே வந்தால், மனுசன் கண்ணை மூடிக்கொண்டு சக்களத்தியோடு சொர்க்கத்தில் இருக்கிறார். காணும், பொறுத்தது போதும் என்றாகிவிட்டது. அண்ணனுக்கு ஃபோன் எடுத்தேன்.

எங்கள் ஊரில் புருசன் பெண்சாதி வழக்கென்றால் பெண்ணுடைய சகோதரன்தான் வந்து விசாரிப்பார். வீடு பெண் பக்கத்தாருடையது அல்லவா? அண்ணன் ஞாயிறு பூசை முடிந்து நேரே வந்தார். விறாந்தையில் ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. என் புருசனை நடுவில் இருத்திவிட்டு, ஒரு பக்கத்தில் அண்ணன், மற்றப் பக்கத்தில் நான். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பேசினோம். நான் முழங்காலைக் காட்டினேன், ஐந்து வருடத்தையும் கொட்டினேன். கட்டிக் கதையைத் தவிர எல்லாம் சொன்னேன். அவர் அண்ணனின் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"மச்சான், ஒரு முடிவு சொல்லுங்க. உங்களுக்கு இந்தப் பெட்டி வேணுமா, வீடு வேணுமா?" என்றார் அண்ணன்.

"ஓம்" என்றார்.

"ஓமெண்டா எது?"

சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. "பாத்தீங்களா அண்ணன்? இதுதான் நான் தின்னுற சோறு" என்றேன்.

"அப்பிடியெண்டா கொஞ்ச நாளைக்கு கதிரவெளியில உங்கட அக்கா வீட்ட போய் இருந்து யோசிச்சிட்டு வாங்க."

"ஓம்."

நான் உள்ளே போய் அவருடைய பையை எடுத்துவந்து காலடியில் போட்டேன். அப்போதுதான் சிரிப்பு நின்றது. பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு சாரம், இரண்டு சேட், சவரப் பெட்டி எல்லாம் எடுத்து வைத்தார். கறுப்புப் பெட்டியையும் ஹெட்ஃபோனையும் வயரையும் ஒழுங்காகச் சுற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனார். அதற்கும் எனக்குக் கோபம்தான். எனக்காக விட்டிட்டுப் போறாராம், பெரிய தியாகி!

மூன்றாம் நாள் காலையில் பெட்டியை எடுத்து ஒரு பையில் போட்டேன், ஆற்றுக்குக் கொண்டுபோக. படலைவரை போய்விட்டுத் திரும்பினேன். எறிவதற்கு முதல் இந்தச் சக்களத்தி அப்படி என்னதான் சொல்லுகிறாள் என்று ஒரு தரம் கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. என் ஃபோனில் வயரைக் குத்தினேன். ஒரு காலத்தில் அவர் எனக்கு வட்ஸப்பில் அனுப்பிய ஒரு வயலின் இசை திறக்காமலே கிடந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதை அமத்தினேன்.

என்ட மாதாவே! காதுக்குள் அறை விழுந்த மாதிரி இருந்தது. கத்திக்கொண்டு பிடுங்கி எறிந்தேன். மேசையில் கிடந்தபடியே அந்த ஹெட்ஃபோன் வீடு முழுக்கக் கேட்க அலறியது. பெட்டி பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தூக்கிப் பார்த்தேன்.

என் வெள்ளை மை. ஒரு புள்ளி அல்ல, ஐந்து. திருகைச் சுற்றி வரிசையாக, இடமிருந்து வலமாக. முதல் புள்ளி பழுப்பேறி மங்கியிருந்தது. கடைசிப் புள்ளி புதிது, பளிச்சென்று இருந்தது, திருகு அதற்கு மேல் திரும்பாத இடத்தில். திருகு அங்கேதான் நின்றது.

திருகை முதல் புள்ளிக்குக் கொண்டுவந்து, பயந்து பயந்து மாட்டினேன். அளவான சத்தம். நல்லாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வில் நரம்பில் உரசும் அந்தச் சின்ன ஓசைகூடக் கேட்டது. இரண்டாம் புள்ளிக்குத் திருகினேன், கொஞ்சம் கூடுதல். மூன்றாம் புள்ளியில் காது கூசியது. நாலாம் புள்ளியில் ஹெட்ஃபோனைக் காதில் வைக்கவே முடியவில்லை. ஐந்தாவதுக்கு நான் போகவில்லை.

மில்லில் நெல் மாறினால் குறி மாறும். இங்கே வயலின் மாறவில்லை.

கதிரையில் இருந்துவிட்டேன். வெட்கக்கேடு! வகுப்பில் காது மந்தமான பிள்ளை ஒன்று வந்தால் ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்து முன் வாங்கில் இருத்துகிற ரீச்சர் நான். பெயர் கூப்பிட்டால் திரும்பாது, வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கும், விளங்காததற்கெல்லாம் சிரிக்கும். அதெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. என் வீட்டுக் கதிரையில் ஐந்து வருடமாக அப்படி ஒன்று இருந்தது, அதன் முதுகைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் மில் மெசினுக்குப் பக்கத்தில் நின்ற மனுசனுக்குக் காது போகும் என்று யோசிக்க எனக்கு மூளை இல்லாமல் போய்விட்டது.

மகளுக்கு ஃபோன் எடுத்தேன். "அந்தப் பெட்டிய நீயா யோசிச்சு அனுப்பினாய்?"

"இல்ல அம்மா, அப்பா கேட்டதுதான். ஃபோன்ல சத்தம் காணாது, பெலமாக் கேக்கிற மாதிரி ஒண்டு அனுப்பெண்டார். பாட்டில சொல்லு விளங்குதில்லயாம், வயலினெண்டாச் சொல்லு இல்லத்தானே எண்டார்."

"எனக்கேன் சொல்லல்ல?"

"அம்மாக்குச் சொல்லாத எண்டார். உங்களுக்குத் தெரிஞ்சா ஊர் முழுக்கக் கேக்கக் கத்துவீங்களாம்."

நான் ஃபோனை வைத்துவிட்டேன். அவர் மேல் கோபம், அவள் மேல் கோபம், எல்லோரையும்விட என் மேல்.

கதிரவெளிக்குப் போகிறேன் என்று சொன்னதும் அண்ணன் துள்ளினார். "நீ போறதா? வீட்டுக்காரி போய்க் கால்ல விழுறதா? எங்கட சனம் சிரிக்கும். நான் போய்க் கூட்டிட்டு வாறன்."

"விழப் போகல்ல அண்ணன். ஒரு கேள்வி கேக்கப் போறன். அத நீங்க கேக்க ஏலாது."

அடுத்த நாள் விடியப் பஸ் ஏறினேன். பெட்டி என் மடியில். வழி முழுக்க ஒரே கேள்விதான் மனதில். அன்றைக்கு நான் சொன்னது அவருக்குக் கேட்டதா, கேட்கவில்லையா? கேட்டும் ஓம் என்றவர் என்றால் அந்த மனுசன் எனக்கு வேண்டாம், கதிரவெளியிலேயே கிடக்கட்டும். அதற்குக் காது சாக்கு அல்ல. வாழைச்சேனை தாண்டி, வாகரை தாண்டி, அவருடைய அக்கா, என் மதினி, வீட்டுப் படலையில் போய் நின்றபோது வெயில் ஏறியிருந்தது.

"வா புள்ள. மில்லுக்கு லீவு சொல்லிட்டானாம். அவன் கடற்கரையில நிக்கிறான், வலை இழுக்கிறாங்க" என்றாள் மதினி. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் பின்னாலேயே வந்தாள்.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இருபது பேர் அளவில் கயிற்றில். கடைசி ஆள் அவர். நான் பின்னால் நின்று, வகுப்பில் பேசுகிற குரலில் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இரண்டு அடி கிட்டப் போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். கயிற்றை விட்டுவிட்டார்.

பெட்டியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். புள்ளிகளைக் காட்டினேன். "எப்பயிருந்து காது கேக்கல்ல?"

பக்கத்து ஆட்களைப் பார்த்தார். "மெதுவாக் கதை புள்ள" என்றார். காது கேளாத மனுசன் என்னை மெதுவாகக் கதைக்கச் சொல்லுகிறார்!

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"மில்லில தெரிஞ்சா நிப்பாட்டிப்போடுவாங்க. மெசின்ட சத்தம் கேக்காதவன வெச்சு என்ன செய்யிற? அங்க கையால தொட்டுத்தான் சமாளிக்கிறன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "உனக்கும் ஒரு செவிட்டுப் புருசன் வேணுமா?"

"அப்ப நான் சொன்னதொண்டும் கேக்கல்லயா?"

"நீ ஏசினாக் கேக்கும். பெலத்துச் சொன்னாக் கேக்கும். மெதுவாச் சொல்றதுதான் கேக்கிறல்ல. அதுக்குத்தான் ஓமெண்டு சொல்லிப்போடுற. ஓமெண்டா ஒருத்தரும் திருப்பிக் கேக்கமாட்டாங்க."

ஐந்து வருடமாக என் வாயிலிருந்து அவருக்குப் போய்ச் சேர்ந்தது ஏச்சு மட்டும்தான். மற்றதெல்லாம் எங்கே போனதோ தெரியாது.

"மூணு வருசத்துக்கு முந்தி, தவக்காலத்தில, நீங்க தேத்தண்ணி குடிக்கக்குள்ள பக்கத்தில வந்து நிண்டு ஒண்டு சொன்னன். ஞாபகமா?"

என் வாயையே பார்த்தார். "என்ன சொன்னாய்?"

சொன்னேன். வலைக்காரர்கள் நிற்கிறார்கள், மதினி நிற்கிறாள், குரல் எழும்பவில்லை. அன்றைக்குச் சொன்ன மாதிரியேதான் சொன்னேன். அவர் காதை என் பக்கம் சரித்தார். கடல் இரைந்தது. முகத்தில் அந்தச் சிரிப்பு வரப்பார்த்தது, ஓம் வாய்வரை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது.

"ஓமெண்டு சொல்லாதீங்க!" என்று கத்தினேன். "எனக்கு மார்புல கட்டி எண்டு சொன்னன்! பயமாக் கிடக்கு, என்னோட வாங்க எண்டு சொன்னன்! நீங்க ஓமெண்டீங்க!"

கயிறு நின்றது. இருபது பேரும் திரும்பினார்கள். மதினி வாயில் கையை வைத்தாள். என் சொந்த அண்ணனுக்குச் சொல்லாததைக் கதிரவெளிக் கடற்கரை முழுக்கக் கேட்டது. அவருக்கும் கேட்டது. என் சேலைத் தலைப்பை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஆரோட போனாய்?" என்றார். "ஆஸ்பத்திரிக்கு ஆரோட போனாய்?"

"தனியா" என்றேன். மெதுவாகத்தான் வந்தது. அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்தார். திரும்பவும் கத்த வேண்டியிருந்தது.